84 வந்த சீட்டு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பேப்பரில் ஒரு வாசகர் கடிதம் படித்தேன். குடும்பத்தோடு காரில் ஊட்டிக்கு வந்தவர், பர்லியாறு தாண்டியதிலிருந்து குன்னூர் வரைக்கும் ஒரு பழைய லாரியின் கருப்புப் புகைக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்தாராம், கண்ணாடியை ஏற்றிவிட்டும் குழந்தை இருமிக்கொண்டே வந்ததாம். 15 வருஷம் தாண்டிய லாரிகளை மலைப்பாதையில் ஏறவே விடக்கூடாது என்று முடித்திருந்தார். கோபம் நியாயம்தான். அந்த லாரி என்னுடையதாகக்கூட இருந்திருக்கலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2003 மாடல் டாடா 407 லாரி, டிஎன் 43 நம்பர், டர்போ கிடையாது. கேத்தி பாலாடாவில் கேரட் கழுவி மூட்டை பிடித்ததும் ராத்திரியோடு ராத்திரியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவது, திரும்பும்போது கோழி உரமோ வேறு எதுவோ ஏற்றிக்கொண்டு வருவது, இதுதான் வண்டிக்கும் எனக்கும் 22 வருஷப் பிழைப்பு. கேரட் பாரம் இறக்கத்தில் போகிறது, அப்போது புகை இல்லை. உரம் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போதுதான் நீங்கள் பார்த்த அந்தக் கருப்பு. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிற பாரத்தைத்தான் ஏற்றினேன் என்று இங்கே எழுதினால் என் கிளீனரே சிரிப்பான்.

புகைச் சான்று இல்லாமல் ஒரு நாளும் ஓட்டியதில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். என் வண்டி மாதிரி, பி.எஸ். 4 என்கிற புகை விதி வருவதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும், பி.எஸ். 4-க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் வருஷம் ஒரு தடவை. ஆறு மாதம் ஆனதும் வண்டியை ஓரமாக நிறுத்துவேன், நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுப்பார்கள், நான் டீ குடித்து முடிப்பதற்குள் பேப்பர் வந்துவிடும். சைலன்சருக்குள் குழாய் போனதை நான் பார்த்ததே இல்லை. எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்றுக்கு, வண்டி விடுவதென்றால் எங்களுக்குத் தெரிந்தது பெயிண்ட் அடிப்பது, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுவது, தீயணைப்பானைப் பக்கத்து வண்டிக்காரரிடம் இரவல் வாங்கி மாட்டுவது. அந்தப் பட்டியலில் புகை என்கிற பேச்சே வராது. எனக்குத் தெரிந்த வண்டிக்காரர்கள் பலரும் இப்படித்தான், நான் மட்டும் விதிவிலக்கு இல்லை.

இந்த ஜனவரியில் எஃப்.சி. தேதி நெருங்கியது. வழக்கமாகப் போகிற இடம் பூட்டியிருந்ததால் வேறொரு மையத்துக்குப் போனேன், இடமும் பெயரும் வேண்டாம். காலை ஏழு மணி இருக்கும், புல்லெல்லாம் உறைபனி. அங்கே இருந்த பையன் புதுசு போல, உண்மையாகவே குழாயைச் சைலன்சரில் சொருகி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னான். மிதித்தேன். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டான். "ண்ணா, இது தேறாதுங்ணா. முந்நூறு ரூபா சேர்த்துக் குடுங்க, வேற மாதிரி பண்ணிக்கலாம்" என்றான். பொய் சொல்லமாட்டேன், என் கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது. அந்த நேரத்தில் என் கிளீனர் எட்டிப் பார்த்து "எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டான். அப்போதுதான் எனக்கே உறைத்தது, 22 வருஷமாக இந்த நம்பரை நான் கேட்டதே இல்லை. திரையைத் திருப்பச் சொன்னேன். 84.

இந்த 84 என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. மீட்டருக்குள் புகையை ஒரு குழாயில் நிரப்பி, ஒரு முனையில் விளக்கைப் போட்டு, மறுமுனைக்கு எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறது என்று பார்க்கிறார்கள். 430 மில்லிமீட்டர் நீளக் குழாய்க்குக் கணக்கு. நூறு பங்கு வெளிச்சத்தில் எத்தனை பங்கைப் புகை விழுங்குகிறதோ அதுதான் அந்த நம்பர், ஹார்ட்ரிஜ் யூனிட் என்பார்கள். என் மாதிரி பழைய டீசல் வண்டிக்கு எல்லை 65, பி.எஸ். 4 வண்டிக்கு 50. என் வண்டி 84 பங்கை விழுங்கியிருக்கிறது. ஒன்றரை அடிகூட இல்லாத குழாயில் இந்த லட்சணம் என்றால் பின்னால் வந்த அந்தக் குழந்தை இருமியதில் என்ன ஆச்சரியம்.

குன்னூரில் எனக்குப் பழக்கமான வயசான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் 84 என்றேன். வண்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, "ஆயில் சூடு பார்த்தாங்களா தம்பி?" என்றுதான் கேட்டார். ஆயில் கேஜ் குச்சியை உருவிவிட்டு அந்தத் துளையில் ஒரு சென்சாரை விட வேண்டுமாம், ஆயில் 60 டிகிரிக்கு வந்த பிறகுதான் டெஸ்ட் ஆரம்பிக்கவே வேண்டுமாம். அப்புறம் ஐடிலில் எத்தனை ஆர்.பி.எம்., முழுசாக மிதித்தால் எத்தனை என்று பார்த்து, முதலில் சில தடவை சும்மா மிதித்து சைலன்சரில் படிந்திருக்கும் கரியை ஊதித் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகு எடுக்கிற அளவுகளில் ஒன்றோடொன்று ஒத்துவருகிற நான்கின் சராசரிதான் முடிவு. எனக்கு நடந்தது உறைபனியில் ஒரே ஒரு மிதி. அதாவது லஞ்சம் கேட்ட பையன் டெஸ்டையும் தப்பாகத்தான் எடுத்திருக்கிறான். இதே வேலையைத் தலைகீழாகவும் செய்யலாம் என்றார் மெக்கானிக், பெடலை அரைகுறையாக மெதுவாக மிதித்தால் எந்த ஓட்டை வண்டியும் பாஸாகும், ஆர்.பி.எம். பார்ப்பதே அதைப் பிடிக்கத்தான்.

சரி என்று வண்டியை நன்றாகச் சூடேற்றி, காட்டேரியிலிருந்து குன்னூருக்கு ஏற்றிக்கொண்டு வந்த கையோடு இன்னொரு இடத்தில் பார்த்தோம். 76. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் அரைப்படி செம்மண் கொட்டியது, கேரட் காட்டு மண். புது ஃபில்டர் போட்டு, டேப்பெட் செட் பண்ணியதில் 72. அதற்கு மேல் இறங்கவில்லை. "இனி நாசிலும் பம்பும்தான், அதுக்கு நீ கீழே போகணும்" என்றார். நாசில் என்பது டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சுகிற மூக்கு, பம்பு அதற்கு டீசலைத் தள்ளுவது.

மேட்டுப்பாளையத்தில் பம்பு ரூம் வைத்திருப்பவர் நான்கு நாசிலையும் கழற்றி, ஒவ்வொன்றாகக் கைப்பம்பில் மாட்டிக் காட்டினார். பக்கத்தில் ஒரு பிரஷர் மீட்டர், நீளமாக ஒரு பிடி. பிடியை அழுத்தினால் முள் ஏறுகிறது, குறிப்பிட்ட பிரஷர் வந்ததும் நாசில் திறந்து டீசல் தெறிக்கிறது. முதல் நாசில் "கர்ர்ர்" என்று சத்தம் போட்டுக்கொண்டு, டிசம்பர் மாதம் லவ்டேல் பக்கம் இறங்குகிற மஞ்சு மாதிரி பீய்ச்சியது, ஒரு சொட்டுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவது சத்தமே போடாமல் குழந்தை மூத்திரம் பெய்கிற மாதிரி ஒரே கோடாக விட்டது, விட்ட பிறகும் மூக்கு நுனியில் சொட்டு நின்று ஆடியது. நான் கையை நீட்டப் போனேன், ஓங்கித் தட்டிவிட்டார், அந்தப் பிரஷருக்கு டீசல் தோலுக்குள்ளேயே ஏறிவிடுமாம். நான்காவதும் மூன்றாவது மாதிரிதான். சொட்டுச் சொட்டாக விழுகிற டீசல் முழுசாக எரியாது, கரியாகத்தான் வெளியே வரும். 22 வருஷமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன், கருப்புப் புகை என்றால் "பாரம் ஜாஸ்தி" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கும் என்று தெரியும். கருப்புக்கு மட்டும் யாரும் கவலைப்படுவதில்லை, இழுவை இருக்கிறது என்று பெருமைகூடப் படுவோம்.

பம்பில் இன்னொரு சங்கதி. அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதற்கு ஒரு ஸ்க்ரூ உண்டு, அதன் சீல் உடைந்து கிடந்தது. எப்போது உடைத்தது என்று எனக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் உர லோடு இழுக்கவில்லை என்று நானே ஒருவரிடம் சொல்லித் திறந்துவிடச் சொன்னதுதான்.

நாசில் நான்கும் புதுசு, பம்பு சர்வீஸ், ஸ்க்ரூவைப் பழைய அளவுக்கே வைத்து சீல். எல்லாம் சேர்ந்து பதினாலாயிரத்துச் சொச்சம். மேட்டுப்பாளையத்திலேயே டெஸ்ட் பார்த்தோம், 57. சான்று கையில். மேலே வந்து அதே வண்டியை அதே முறையில் பார்த்தால் 68.

இதற்குக் காரணம் எங்கள் வீட்டு அடுப்பைக் கேட்டாலே சொல்லும். ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். காற்று அவ்வளவு லேசு. மேட்டுப்பாளையத்தோடு பார்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. என் வண்டிப் பம்புக்கு இது தெரியாது, கீழே எவ்வளவு டீசல் தள்ளுமோ அவ்வளவையே மேலேயும் தள்ளும், அதை எரிக்கக் காற்று பத்தாது, மிச்சம் கருப்பாக வரும். டர்போ வண்டி காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் அதில் இந்தப் பாடு குறைவு, இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டரே உயரத்தைப் பார்த்து டீசலைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் 65 என்ற எல்லை மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் ஒன்றுதான். எங்கே எடுத்த சான்றும் எங்கேயும் செல்லும். எனவே மலைக்காரன் கீழே போய் டெஸ்ட் எடுப்பது தப்பே இல்லை, சட்டப்படி சரி. புகை மட்டும் மலையில்.

இதற்காக எங்களுக்கு எல்லையைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. காற்று குறைவான ஊரில் மூச்சு விடுகிற ஜனங்களுக்கும் அதே காற்றுதான். மெக்கானிக்கிடம் சொல்லி ஸ்க்ரூவை இன்னும் கால் சுற்றுக் குறைத்து வைத்தேன், குன்னூரில் 59 வந்தது. இழுவை போய்விட்டது, உண்மை. எண்பது மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது அறுபதுதான் ஏற்றுகிறேன், அதுதான் ஆர்.சி. புத்தகத்துக்கும் கொஞ்சம் கிட்டே வருகிறது. ஒரு நடைக்கு வருமானம் குறைந்ததில் வீட்டில் சண்டை. ஆனால் லிட்டருக்கு ஆறரை கொடுத்த வண்டி ஏழேகால் கொடுக்கிறது, பதினாலாயிரம் எப்படியும் திரும்பி வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது அந்த வாசகருக்கு. 15 வருஷம் ஆனால் ஓரம் கட்டு என்கிறீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அப்படிப் பதிவை ரத்து செய்தது அரசு வண்டிகளுக்கு. டெல்லிப் பக்கம் பத்து வருஷ டீசல் வண்டிக்குத் தடை என்று வந்தது அந்த ஊர்க் கதை. இங்கே தனியார் லாரி எஃப்.சி. தேறுகிற வரைக்கும் ஓடலாம், அந்த எஃப்.சி.யும் எட்டு வருஷம் தாண்டிவிட்டால் வருஷா வருஷம் காட்ட வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரலில் இருந்தே பல மடங்கு ஏற்றியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டணம் வயதைப் பார்க்கிறது, புகையைப் பார்ப்பதில்லை. 84 விட்டபோதும் நான் அதேதான் கட்டியிருப்பேன், 59-க்கும் அதேதான் கட்டினேன். என் வண்டியை உடைக்கப் போட்டுவிட்டு நான் வாங்கப் போவது புது வண்டி இல்லை, அதற்கு எனக்கு வக்கில்லை, எங்கேயோ எவரோ கழித்துவிட்ட பத்து வருஷ வண்டியைத்தான் வாங்குவேன், அதன் நாசில் எப்படி இருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். (மேலும், இதே மலையில் நீராவி இன்ஜின் புகை விட்டுக்கொண்டு ஏறினால் காரை நிறுத்தி போட்டோ எடுக்கிறீர்கள். கோபிக்காதீர்கள், நானும் எடுப்பேன்.)

நான் கேட்பது ஒன்றே ஒன்று, அது புதுசும் இல்லை. 2021 ஜூனில் மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தி, நாடு முழுக்கப் புகைச் சான்றுக்கு ஒரே படிவம், கியூஆர் கோடு என்று கொண்டு வந்தது. அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது, டெஸ்டில் தேறாத வண்டிக்கு நிராகரிப்புச் சீட்டு கொடுக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எல்லை எவ்வளவு என்று அதில் இருக்கும். அதைக் கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டி வண்டியைச் சரி பண்ணலாம், அந்த மீட்டரே கோளாறு என்று சந்தேகம் வந்தால் வேறு மையத்தில் போய் அந்தச் சீட்டைக் காட்டி இன்னொரு முறை பார்க்கலாம். எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். என் வட்டாரத்தில் விசாரித்த வரைக்கும் அந்தச் சீட்டைக் கண்ணால் பார்த்த ஒரு வண்டிக்காரரும் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கும்? தேறாத வண்டி என்று ஒன்று இருந்தால்தானே சீட்டு, இங்கேதான் முந்நூறு ரூபாய்க்கு எல்லா வண்டியும் தேறிவிடுகிறதே. புகைச் சான்று இல்லாமல் பிடிபட்டால் சட்டத்தில் 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் இருக்கிறது, அந்தப் பயத்தில் நாங்கள் பேப்பர் வாங்குகிறோம். பேப்பர் இருந்தால் வழியில் நிறுத்துகிற யாரும் சைலன்சர் பக்கம் போவதில்லை.

சீட்டு கொடுத்திருந்தால் நான் என்றைக்கோ நாசில் மாற்றியிருப்பேன் என்று சொன்னால் நீங்கள் நம்பாமல் போகலாம், நானும் முழுசாக நம்பவில்லை. ஆனால் 84 என்று ஒரு பேப்பரில் இருந்தால், மண்டியில் நாலு பேர் கையில் அது மாறினால், "உனக்கு எவ்வளவுடா?" என்று ஒருத்தனை ஒருத்தன் கேட்பான். மைலேஜுக்கு இப்படித்தான் கேட்டுக்கொள்கிறோம், வெட்கப்பட்டு வேலை பார்க்கிறோம்.

கூடவே, எஃப்.சி. பார்க்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் ஐயாமார்களுக்கு. வண்டியைச் சுற்றி வந்து பெயிண்டையும் ஸ்டிக்கரையும் பார்க்கிறபோது, ஒரே ஒரு தடவை இன்ஜினைச் சூடாக வைத்து முழுசாக மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். மீட்டர்கூட வேண்டாம். சட்டையே சொல்லிவிடும்.

நாசில் டெஸ்டரும் பம்பு பெஞ்சும் வைத்த கடை ஒன்று மேலேயே இருந்தால் எங்களுக்கு இரண்டு நாள் மிச்சம். நான் விசாரித்த இடத்திலெல்லாம் கீழேதான் அனுப்பினார்கள், நாசிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். இது அரசாங்கத்தைக் கேட்கிற விஷயம் இல்லை, ஐடிஐ முடித்துவிட்டு வேலை தேடிக் கோயம்புத்தூர் போகிற எங்கள் ஊர்ப் பையன்கள் யாராவது படித்தால் யோசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எஃப்.சி. முடிந்துவிட்டது. முடிந்த அடுத்த வாரம், 84 காட்டிய அந்த மையத்துக்கே போனேன். அதே பையன். 84 வந்த சீட்டைக் கொடு தம்பி, வண்டியில் மாட்டி வைக்க வேண்டும் என்றேன். பிரிண்டரில் இங்க் இல்லை என்றான். மறுபடி போனேன், கரண்ட் இல்லை என்றான். கடைசியாகப் போன செவ்வாய்க்கிழமை போனபோது, "எதுக்குங்ணா உங்களுக்கு அது, அதான் பாஸாயிட்டீங்கள்ல?" என்று கேட்டான், உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான். அடுத்த செவ்வாய்க்கிழமையும் போவேன்.

இப்படிக்கு,
ஒரு 407 உரிமையாளர்,
கேத்தி பாலாடா, நீலகிரி